பறிப்பதும் வளர்ப்புதான்: ஊவாக் கோடையில் எங்கள் மரக்கறித் தோட்டம்

இலங்கை மலைநாட்டுக்குக் கோடை இரண்டு. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்தவருக்குத் தையும் மாசியும் வறண்ட மாதங்கள். மலைமுகட்டுக்கு இந்தப் பக்கம், ஊவாவில் இருக்கிற எங்களுக்கு வைகாசி கழிந்து ஆனி பிறந்தால்தான் கோடை. அது லேசில் போகாது. புரட்டாசி பாதி வரை நின்று வாட்டும். அங்கே நீர்த்தேக்கங்களின் வான்கதவுகள் திறக்கப்பட்டதாக ஜூன் மாத வானொலி சொல்லிக்கொண்டிருக்கும் வேளையில், இங்கே பாதையோரத்துப் புழுதி கறிவேப்பிலை மீது படிந்துகொண்டிருக்கும். தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதி மேலேறி, கொண்டுவந்த மழையை எல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு, வெறும் காற்றாக முகட்டைக் கடந்து எங்கள் பக்கம் இறங்குகிறது. இறங்க இறங்கச் சூடேறி, ஈரத்தை உறிஞ்சத் தொடங்குகிறது. கச்சான் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அப்புத்தளைக் கணவாயில் நின்றால் இந்த எல்லையைக் கண்ணாலேயே பார்க்கலாம்: ஒரு பக்கம் மேகம் முகட்டோடு அடைந்து கிடக்கும், மறுபக்கம் வெட்டவெளியாக வெயில்.

ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக்கொடுத்ததும் இந்தக் காற்றுதான். ஜூலை முதல் செப்டெம்பர் வரை எடுக்கிற கொழுந்தில் வரும் மணத்துக்கு ஏலத்தில் தனி மதிப்பு. ஆனால் தேயிலையை மணக்க வைக்கும் அதே காற்று போஞ்சிக்கும் (பீன்ஸ்) கோவாவுக்கும் (முட்டைக்கோஸ்) எமன். மத்தியானத்துக்குள் இலையைத் தொங்க வைத்துவிடும்.

இந்த மாதங்களில் ஒரு வீட்டு மரக்கறித் தோட்டத்தை எப்படி நடத்துவது என்று என்னிடம் கேட்பவர்கள் எல்லாரும் தண்ணீரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனை வாளி, எந்த நேரம், குழாயா பூவாளியா. தண்ணீர் வேண்டும்தான், அதைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் கோடைத் தோட்டத்தின் முதல் வேலை பறிப்பது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பறிப்பை எல்லா வேலையும் முடிந்தபின் கிடைக்கும் கூலியாகவே நினைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது அன்றாட வேலைகளுக்கு நடுவில், களை எடுப்பதற்கும் தண்ணீர் ஊற்றுவதற்கும் பக்கத்தில் வைக்கவேண்டிய வேலை. நேரத்துக்குப் பறிக்காத செடிக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது சீக்கிரமே கிழடு தட்டிவிடும்.

இதை எனக்குக் கற்றுத்தந்தது அம்மா. வேலைக்குப் போன காலம் முழுவதும் கொழுந்து எடுத்தவர். தேயிலையை அதன் போக்கில் விட்டால் அது மரமாக வளர்ந்துவிடும். கவ்வாத்து வெட்டி, இடுப்பளவில் நிறுத்தி, வாரத்துக்கு ஒரு சுற்று என்று கொழுந்து எடுத்துக்கொண்டே இருப்பதால்தான் அது ஆண்டுக்கணக்கில் துளிர்க்கிறது. சுற்று பிந்தினால் இலை முற்றும். முற்றிய இலையைச் செடி சுமந்துகொண்டு நிற்கும். அடுத்த துளிர் தாமதமாகும். செடிகளின் மேல் மட்டக்கம்பை வைத்துத் தேயிலை மலையை ஒரே உயரமாகக் கொண்டுபோகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் இது கையிலேயே தெரியும். எடுப்பவள்தான் செடியை இளமையாக வைத்திருக்கிறாள். அம்மா ஓய்வு பெற்று வந்து மரக்கறிப் பாத்திகளுக்குள் இறங்கியபோது அந்தக் கையோடுதான் இறங்கினார்.

எங்கள் வீடு பண்டாரவளைக்கும் அப்புத்தளைக்கும் நடுவில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1300 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தோட்டப்புற வீடமைப்பில் வழக்கமாகக் கொடுத்துவந்த 7 பேர்ச்சஸ் காணி. சதுர அடியில் சொன்னால் 1900 சொச்சம். அதில் 550 சதுர அடியை வீடு எடுத்துக்கொள்ளும். படிக்கட்டு, கான், மலசலகூடம், துணி காயப்போடும் கொடி எல்லாம் போக எஞ்சுவது சரிவான ஒரு துண்டு நிலம். லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில், இருந்த காலத்தில் வாசலுக்கு எதிரே கானுக்கு அப்பால் ஆளுக்கொரு பாத்தி இருந்தது. அதோடு ஒப்பிட்டால் இது எங்களுக்குப் பெரிய நிலம். சரிவுக்குக் குறுக்காகக் கல்லுக்கட்டி, ஒவ்வொரு தட்டிலும் ஒரு பாத்தி வைத்திருக்கிறோம். சரிவோடு இறங்குமாறு பாத்தி போட்டால் ஐப்பசி மழை மேல்மண்ணைக் கான்வழியே கொண்டுபோய்விடும் என்பதை மலையில் பிறந்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை.

கோடைக்கு நாங்கள் நம்பியிருப்பது போஞ்சிக் கொடியை. பண்டாரவளை கிரீன், கெப்பெட்டிப்பொல நில் என்று இந்தப் பக்கத்து ஊர்களின் பெயரையே தாங்கிய கொடிப்போஞ்சி இனங்கள் உண்டு. சித்திரை மழையின் கடைசி ஈரத்தில் விதையை ஊன்றிவிட்டால், ஆனி நடுப்பகுதியில் முதல் பூ, அதன்பின் இரண்டு கிழமைக்குள் முதல் காய். அங்கிருந்துதான் வேலை ஆரம்பம். ஒன்றுவிட்டு ஒருநாள் பறித்தே ஆகவேண்டும். காய்க்குள் விதை பருக்கத் தொடங்கினால் கொடியின் சத்தெல்லாம் அந்த விதைக்கே போய்விடும். புதுப்பூ குறையும், அடியிலை மஞ்சளாகும், கொடி ஓய்ந்துபோகும். நேரத்துக்குப் பறித்தால் கொடி மறுபடி மறுபடி பூக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது வியப்புதான். அதன் ஒரே எண்ணம் விதை வைப்பது. நாம் அதைத் தள்ளிப்போடத் தள்ளிப்போட அது நமக்கு மேலும் மேலும் காய் தருகிறது.

அம்மா போஞ்சி பறிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். பாத்தியின் கீழ்முனையில் தொடங்கி மேலே ஏறுவார். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் இலைக்கு அடியில் தொங்கும் காய் வெளிச்சத்துக்கு எதிரே கோடாகத் தெரியும்; மேலிருந்து பார்த்தால் இலை மட்டுமே தெரியும். இடது கையால் காயின் காம்பு கொடியோடு சேரும் கணுவைப் பிடித்துக்கொள்வார். வலக்கைப் பெருவிரல் நகம் காம்பில் அழுந்தும். இழுப்பு கிடையாது, ஒரு சின்ன முறிப்புதான். இழுத்துப் பறித்தால் அந்தக் கணுவில் கடுகளவில் காத்திருக்கும் அடுத்த பூமொட்டும் சேர்ந்து வந்துவிடும். முற்றலா பிஞ்சா என்பதற்கு அவர் கண்ணைவிட விரலையே நம்புகிறார்: காயைத் தடவும்போது மேடுபள்ளம் தட்டினால் விதை பருத்துவிட்டது. அப்படி ஒன்று கிடைத்தால் அதைக் கறிக்கு எடுக்காவிட்டாலும் கொடியில் விட்டுவைக்கமாட்டார். நல்ல காய் முறித்தால் சடக்கென்று ஒலிக்கும். அன்றைக்கே தேங்காய்ப்பாலில் வெள்ளைக்கறியாக வைத்தால் அந்தப் பச்சை மணம் மாறாது. கடையில் வாங்கும் போஞ்சிக்கு அது எப்போதோ போயிருக்கும்.

கறிமிளகாயும் இதே குணம்தான். முதலில் வரும் காய்களைச் சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் செடி கிளைத்துப் பரவும். பழுக்க விட்டால் அந்த ஒரு பழத்தோடு செடி மலைத்து நிற்கும். நோக்கோல் உருண்டு, கைக்குள் அடங்கும் அளவில் இருக்கும்போதே பிடுங்கவேண்டும். பெரிதாகட்டும் என்று விட்டால் கோடை வெயிலில் நார் பாய்ந்து கத்திக்கே அடங்காது. சௌசௌவில் காய் கோடையில் குறைவுதான். ஆனால் அதன் கொழுந்து நுனியைத் தேயிலைக் கொழுந்து எடுப்பதுபோலவே கிள்ளிக் கிள்ளி எடுக்கலாம். வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டுச் சுண்டினால் ரொட்டிக்கு அதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது. பூசணிக் கொழுந்தும் அப்படியே. கிள்ளினால் பக்கக்கிளை வரும், பக்கக்கிளையில் பூ வரும்.

பூசணிப் பூவுக்கு ஒரு தனி வேலை இருக்கிறது. விடியலில் மலர்ந்து பத்து, பதினொரு மணிக்கெல்லாம் சுருங்கிவிடும் பூ அது. கச்சான் பலமாக வீசுகிற நாட்களில் தேனீ வராது. அதனால் ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண்பூவுக்குள் தடவிவிடவேண்டும். அடியில் சின்ன உருண்டைப் பிஞ்சோடு இருப்பது பெண்பூ. பாடசாலைக்குப் புறப்படும் முன் நான் செய்யும் கடைசி வேலை பெரும்பாலும் இதுதான். மிஞ்சிய ஆண்பூக்கள் அன்றைய சமையலுக்கு.

தக்காளிக்குக் கோடை நல்ல காலம் என்று சொன்னால் மேற்குப் பக்கத்தவர்கள் நம்பமாட்டார்கள். மழையும் மூடுபனியும் விடாமல் நிற்கிற இடத்தில் பின்கருகல் நோய் ஒரு வாரத்துக்குள் பாத்தியையே கறுப்பாக்கிவிடும். எங்கள் பக்கத்து வறட்சியில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் தண்ணீர் ஒரே சீராகக் கிடைக்கவேண்டும். சில நாள் காயவிட்டு ஒரு நாள் அள்ளி ஊற்றினால் பழம் வெடிக்கும். காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகும். அந்தக் கறுப்பை நோய் என்று நினைத்து மருந்து தேடி அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மண் காய்ந்து காய்ந்து நனைவதால் சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேராததுதான் காரணம். மருந்து தேவையில்லை, வேரடியை மூடிவைத்து, அளவாகத் தினமும் ஊற்றினால் அடுத்த காய்கள் நன்றாக வரும். தக்காளியை நாங்கள் செங்காயாகவே பறித்து அடுப்படிக் கூடையில் வைத்துவிடுகிறோம். சிவப்பு தட்டத் தொடங்கிய காய் வீட்டுக்குள்ளும் பழுக்கும். செடியில் விட்டால் கொண்டைக்குருவிக்கு முதல் பங்கு.

கொண்டைக்குருவி பரவாயில்லை. குரங்குதான் பெரிய வழக்கு. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, நாடு முழுவதும் அவரவர் வளவுக்குள் நிற்கும் குரங்கு, மர அணில், மயில் எல்லாவற்றையும் எண்ணித் தரும்படி அரசாங்கமே கேட்ட காலம் இது. பலருக்கு அது சிரிப்பாக இருந்தது. சாக்கில் நட்ட உருளைக்கிழங்கைக் குரங்குக் கூட்டம் கவிழ்த்துவிட்டுப் போனதைப் பார்த்தவர்கள் சிரிக்கவில்லை. பழைய மீன்வலை, தகரம், கட்டிவைத்த நாய் என்று ஊரில் எல்லாரும் எல்லாவற்றையும் முயன்றாயிற்று. எங்களுக்குப் பலன் தந்தது ஒன்றே: அவை வருமுன் பறித்துவிடுவது. வெயில் ஏறி மரத்திலிருந்து இறங்கி அவை எங்கள் தட்டுக்கு வருவதற்குள் பறிக்கத்தக்கதெல்லாம் கூடைக்குள் போய்விட்டால், இலையும் பிஞ்சும் மட்டும் இருக்கிற தோட்டத்தில் அவை அதிக நேரம் நிற்பதில்லை. இரவில் பன்றி வருகிற பக்கத்தில் வற்றாளைக் கிழங்கு நடுவதை நிறுத்தியும் விட்டோம்.

ஆகவே எங்கள் நாள் விடியலில் தொடங்குகிறது. தேயிலைத் தோட்டத்தில் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) எழுந்து பழகிய அம்மாவுக்கு இன்றும் அந்த நேரம் மாறவில்லை. முதலில் பறிப்பு. கீரை, சலாது இலை, கோவா போன்ற இலைவகை எல்லாம் இரவுக் குளிரில் நீர் கோத்து விறைப்பாக இருக்கும் அந்த நேரத்தில்தான் எடுக்கவேண்டும். பத்து மணிக்கு எடுத்த கீரை கழுவும்போதே துவண்டுவிடும். பறித்தபின் தண்ணீர்.

தண்ணீருக்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் தண்ணீர். வெயிலும் காற்றும் சேர்ந்த நாளில் மண்ணும் இலையும் நான்கைந்து மில்லிமீற்றர் வரை இழக்கும். அப்படியென்றால் 20 சதுர மீற்றர் பாத்திக்கு நாளொன்றுக்கு 80 முதல் 100 லீற்றர். பத்து லீற்றர் வாளியில் எட்டு, பத்து வாளி. எங்களுக்கு வரும் தண்ணீர் மேலே ஊற்றிலிருந்து குழாய் போட்டு இறக்கி, வரிசை வீடுகளுக்குப் பங்கிட்டு விடும் தண்ணீர். ஆவணியில் அதுவும் நூலாக வரும். குடிக்கவும் சமைக்கவும் குளிக்கவும் போக, தோட்டத்துக்கு அவ்வளவு வாளி எங்கே போவது? ஊற்றுநீர் விழும் பீலிக்குப் போய்ச் சுமந்து வரும் பெண்களைக் கேட்டால் ஒரு வாளியின் எடையை அவர்கள் தோளில் காட்டுவார்கள்.

அதனால் ஊற்றுவதைவிடக் காப்பதில் கவனம் வைத்தோம். தேயிலையைப் பிடுங்கி மறுநடவு செய்யும் மலைகளில் மண்ணைத் தேற்றுவதற்கு மானாப்புல்லும் கௌதமாலாப் புல்லும் நடுவார்கள். அந்தப் புல்லை அறுத்து வந்து, விரல் நீளத்துக்குக் கனமாகப் பாத்தி மேல் பரப்பினால் மண் வெயிலைப் பார்க்காது. மத்தியானத்தில் மூடாக்கை விலக்கிக் கையை வைத்துப் பாருங்கள்: பக்கத்தில் வெறும் மண் பொரிந்துகொண்டிருக்கும், இங்கே குளிர்ந்த ஈரம் கையில் ஒட்டும். அரிசி கழுவிய நீரும் மரக்கறி கழுவிய நீரும் நேரே பாத்திக்கு. சவர்க்காரத் தண்ணீர் வாழைக்கு. மேற்குப் பக்கம் காற்றை மறிக்க ஒரு வரிசை கிளிரிசீடியாவும் அதற்குக் கீழே வள்ளாரை ஓரமும் வைத்திருக்கிறோம். காற்றை முழுவதும் அடைக்கிற தகர வேலியைவிட, காற்றை வடிகட்டி விடுகிற உயிர்வேலிதான் நல்லது. தகரத்தில் மோதிய காற்று மேலேறிச் சுழன்று அடுத்த பாத்தியில் விழும். பூவாளியை வேரடியில் தாழ்த்திப் பிடித்து ஊற்றுவது, வெயில் ஏறுமுன் முடித்துவிடுவது, புதிதாக நட்ட நாற்றுக்கு மட்டும் அந்தியில் இன்னொரு தரம். தண்ணீரைப் பற்றி இதற்குமேல் பெரிதாகச் சொல்ல இல்லை.

மண்ணைப் பற்றிச் சொல்லவேண்டியது கொஞ்சம் அதிகம். தேயிலைக்குப் புளித்த மண் பிடிக்கும், அமிலகாரமானியில் (pH) 4.5 முதல் 5.5 வரை இருந்தால் அதற்குச் சுகம். மரக்கறி வகைகளில் பெரும்பாலானவை 6 முதல் 6.5 வரை கேட்கும். தேயிலை நின்ற நிலத்தில் வீடு கட்டிக் குடியேறிய எங்களைப் போன்றவர்களின் பாத்தியில் பீட்ரூட் சுண்டைக்காய் அளவில் நின்றுவிடுவதற்கும் கோவாவின் வேர் முண்டு முண்டாக வீங்குவதற்கும் இந்தப் புளிப்பு ஒரு முக்கிய காரணம். டொலமைட் சுண்ணாம்பை நடவுக்குச் சில கிழமை முன்பே மண்ணோடு கொத்திச் சேர்க்கவேண்டும். விறகடுப்புச் சாம்பலும் உதவும். சாம்பலை ஒரே இடத்தில் கொட்டாமல் தூவிவிடவேண்டும்.

உரத்துக்குப் பாதையோரமே போதும். மஞ்சள் பூவோடு ஆளுயரத்துக்கு மண்டிக் கிடக்கும் காட்டுச் சூரியகாந்தியை மலைநாட்டில் காணாத பாதை இல்லை. அதன் இளந்தண்டையும் இலையையும் வெட்டிப் பாத்தியில் புதைத்தால் சில கிழமைக்குள் மண்ணோடு மண்ணாகிவிடும். தழைச்சத்தும் சாம்பல்சத்தும் நிறைந்த இலை அது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் ஒரே அடியாக நிறுத்தியபோது வெலிமடைப் பக்கத்து மரக்கறி விவசாயிகள் தவித்த தவிப்பு கொஞ்சநஞ்சமல்ல. ஏக்கர் கணக்கில் உருளைக்கிழங்கு போடுகிறவருக்குப் பாதையோரப் பச்சிலை எந்த மூலைக்கு? அந்தத் தடை அதே ஆண்டு நவம்பரில் விலக்கப்பட்டது, ஆனால் ஒரு போகம் போனது போனதுதான். எங்கள் அளவுத் தோட்டத்துக்கு ஆட்டெருவும் காட்டுச் சூரியகாந்தியும் போதும் என்பதை வைத்து நாட்டுக்கே அது போதும் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அடுத்த ஆண்டு இன்னொன்று நடந்தது. 2022 ஜூனில், எரிபொருளும் உணவும் தட்டுப்பட்டிருந்த நேரத்தில், அரச ஊழியர்கள் வீட்டில் பயிர் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்தார்கள். பலர் உண்மையான ஆர்வத்தோடு மண்வெட்டியைக் கையில் எடுத்தார்கள். அவர்களில் சிலர் இன்றைக்கும் விடாமல் செய்கிறார்கள், அதில் எனக்கு நிறைந்த மகிழ்ச்சி. ஆனால் மரக்கறித் தோட்டம் கிழமைக்கு ஒரு நாள் வேலைக்கு அடங்காது. சனிக்கிழமை பறிக்கவேண்டிய போஞ்சி அடுத்த வெள்ளி வரை காத்திருக்காது. தினமும் அரை மணி நேரம் ஒதுக்க முடிகிறவர், ஒரு முழு நாளை ஒதுக்குகிறவரைவிட அதிகம் சாப்பிடுவார். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பறிக்க முடிகிற அளவுக்கு மட்டும் நடுங்கள்.

பூச்சியைப் பார்க்கிற வேலையும் பறிப்போடு சேர்ந்தே முடிந்துவிடுகிறது. வறட்சியில் அசுவுணி, சிற்றுண்ணி, சாம்பல் நோய் எல்லாம் கூடும். அடித்துக் கழுவ மழை இல்லை. தினமும் ஒவ்வொரு செடியின் இலையையும் புரட்டிப் பார்க்கிற கை, போஞ்சி நுனியில் அசுவுணி ஒட்டிய முதல் நாளே கண்டுபிடித்துவிடும். அந்த நுனியைக் கிள்ளி எறிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிக்குப் பனி ஈரம் இருக்கும்போதே தூவும் சாம்பல். கோவாவில் இலைக்கு அடியில் பச்சையாக ஒட்டியிருந்து, தொட்டால் நூல் விட்டுத் தொங்கும் சின்னப் புழு வைரமுதுகு அந்துப்பூச்சியினுடையது. பூச்சிமருந்துகளுக்கு அடங்க மறுப்பதில் உலகம் முழுவதும் பெயர் வாங்கியது. பத்துப் பன்னிரண்டு கோவாவுக்கு விரலே மருந்து.

கிழங்கு வகைகளில் பறிப்புக்கு அவசரம் இல்லை, ஆனால் முறை உண்டு. கோடையில் மண் இறுகிக் கிடக்கும்போது கரட்டை இழுத்தால் தலை கையோடு வரும், கரட் மண்ணுக்குள் இருக்கும். முந்தின நாள் அந்தியில் பாத்தியை நன்றாக நனைத்துவிட்டுக் காலையில் முள்ளுக் கருவியால் கிளறி எடுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். மண்ணுக்கு மேலே தெரிகிற கரட் தோள் பச்சையாகிக் கசக்கும். அவ்வப்போது மண் அணைக்கவேண்டும். உருளைக்கிழங்குச் செடி பழுத்ததும் தண்டை அறுத்துவிட்டு இரண்டு கிழமை கிழங்கை மண்ணிலேயே விடுவோம். தோல் முற்றும், உரியாது, நாள் தாங்கும். வெலிமடை வயல்களில் பெரும்போக நெல்லை அறுத்தபின் சிறுபோகத்தில் உருளைக்கிழங்கு போடுகிறவர்களும் இந்த முறையைத்தான் கைக்கொள்கிறார்கள்.

2024 ஜனவரியில் கரட் கிலோ ஆயிரம் ரூபாவைத் தாண்டியபோது எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கரட் பாத்தியைத்தான் முதலில் பார்த்தார்கள். விற்கலாமே என்று சொன்னவர்களும் உண்டு. கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையம் என்ற மொத்தச் சந்தைக்கு லொறி ஏற்றுகிற விவசாயி, லொறி வரும் நாளுக்கும் விலைக்கும் ஏற்பப் பறித்தாகவேண்டும். அது அவர் பிழைப்பு, அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுத் தோட்டக்காரருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. காய் பதமாக இருக்கும் அன்றே பறிக்கும் சுதந்திரம் அவருக்கு உண்டு. அதை விலைக்காக விட்டுக்கொடுக்க அம்மா ஒருநாளும் சம்மதித்ததில்லை. மிஞ்சினால் பக்கத்து வீட்டுக்குப் போகும், அங்கிருந்து முருங்கையிலையோ வாழைப்பூவோ திரும்பி வரும்.

ஆடியில் ஊர் கதிர்காமத்துக்குப் புறப்படும்போது இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு சட்டமும் சேர்ந்துகொள்கிறது. வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களின் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுகிறவருக்கே அந்த நாட்களின் காய் முழுவதும் சொந்தம். "நாங்கள் வரும்வரை காயை விட்டுவையுங்கள் அக்கா" என்று யாரும் சொல்வதில்லை. விட்டுவைத்தால் கொடிக்குக் கெடுதல் என்று எல்லாருக்கும் தெரியும். "நன்றாகப் பறித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுப்பார்கள்.

அதே ஆடியில்தான் "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழியும் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து வந்த நம் முன்னோர் கூடவே கொண்டுவந்த சொல். ஊவாவில் ஆடி காற்றின் உச்சம்; மழையை நம்பி விதைக்கிற மாதம் அதுவல்ல. எங்கள் பட்டம் புரட்டாசி கடைசியில், ஐப்பசி மழைக்கு முன்னால் வருகிறது. ஆனாலும் ஆடிப் பதினெட்டில் அம்மா ஒரு முழப் பாத்தியில் முள்ளங்கி விதையைத் தூவாமல் விடமாட்டார். ஒரு வாளித் தண்ணீருக்குள் அடங்கும் பாத்தி. நாற்பது, நாற்பத்தைந்து நாளில் கறிக்கு வந்துவிடும். சம்பிரதாயமும் காப்பாற்றப்படும், ஆவணிக் கடைசிச் சமையலுக்கும் ஆகும்.

ஆவணி பாதியில் பறிப்புக்கு ஒரு விலக்கு வருகிறது. திடமான போஞ்சிக் கொடிகள் இரண்டில் சிவப்புத் துணித்துண்டு கட்டிவிடுவோம். நோயில்லாமல், நிறையக் காய்த்து நின்ற கொடிகளாகப் பார்த்து முன்பே கண்வைத்திருப்போம். துணி கட்டியதைப் பிள்ளைகள்கூடத் தொடமாட்டார்கள். அவை தம் எண்ணப்படி விதை வைத்து முற்றிக் காயலாம். இத்தனை நாள் கொடியை வாட்டிய கச்சான் இப்போது உதவிக்கு வருகிறது: மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்து முளைத்துவிடும் நெற்று, இந்தக் காற்றில் கலகலவென்று காய்ந்துவிடும். உரித்து, சுருங்கியதையும் புள்ளி விழுந்ததையும் பொறுக்கி எறிந்து, ஆறிய சாம்பலோடு கலந்து போத்தலில் அடைத்தால் வண்டு விழாது. கறிமிளகாயில் நன்றாகச் சிவந்த பழம் ஒன்றிரண்டு, பூசணியில் ஒன்று. கலப்பினத் தக்காளியின் விதையை எடுத்துவைத்துப் பயனில்லை, தாயைப் போல வராது. கோவாவும் பீட்ரூட்டும் விதைக்கு வர எங்கள் உயரத்துக் குளிர் போதாது, அவற்றுக்குக் கடைதான்.

விதை எடுத்தபின் கொடியை வேரோடு பிடுங்குவதில்லை. மண்மட்டத்தில் அறுத்துவிட்டு வேரை உள்ளேயே விடுகிறோம். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து வைத்த முடிச்சுகள் அந்த வேரில்தான் இருக்கின்றன. கம்புகளைப் பிடுங்கிக் கூரைக்கு அடியில் சாத்தியாகிவிட்டது. டொலமைட் தூவிக் கொத்தியும் ஆயிற்று. போஞ்சி நின்ற பாத்தியில் இம்முறை கோவா வைக்கவேண்டும் என்பது என் விருப்பம், லீக்ஸ் வைக்கவேண்டும் என்பது அம்மாவின் விருப்பம். லீக்ஸ் நாற்று நடவுக்கு வர எட்டுக் கிழமையாவது பிடிக்கும் என்பதால், அவர் என்னைக் கேட்காமலே நாற்றுமேடையில் விதையைப் போட்டு வைக்கோல் மூடிவிட்டார்.